நடுவில் இறங்காதவர்கள்

அன்று டாக்டர் அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: டாக்டரம்மா, நர்ஸ், என் தம்பி, தம்பியின் மனைவி, நான். என் தங்கையின் கணவர் அறைக்குள் இல்லை. அவர் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. எவ்வளவு தள்ளினாலும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கும். அந்த ஒரு சாணில் அவர் என்ன பார்த்தாரோ அதுதான் அவருக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உறவில் இன்று ஆளுக்கொன்றாகப் பேசுவதெல்லாம் அந்தப் பெஞ்சிலிருந்து கிளம்பியதுதான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் கிரேன் ஓட்டியவர்கள். அப்பா துறைமுகத்தில் ஓட்டினார். நானும் அங்கேதான் தொடங்கினேன். பிறகு உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் ஓட்டி ஓய்வு பெற்றேன். தம்பி இன்னும் ஓட்டுகிறான். வேலையிடத்தில் அவனுக்குக் கழுகு என்று பெயர். கீழே நின்று கைகாட்டுகிற ஆள் தயங்கினால்கூட மேலிருந்தே கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டடக் கிரேன் ஒரு பெரிய தராசு மாதிரி தெரியும். அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுதான் கேபின். உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி, காலடியிலும் கண்ணாடி. அங்கே போக லிஃப்ட் கிடையாது. இரும்புக் கூண்டுக்குள் வழி ஏணிமேல் ஏணியாகப் போகும். பழகியவனுக்கே ஏறி முடித்ததும் மூச்சு வாங்கும். கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே சிமெண்டுக் கலவைத் தொட்டி போய்க்கொண்டிருக்கும்போது, பிடியில் இருப்பவனுக்கு ஒரு நொடி கண் இருண்டால் போதும். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கட்டு உண்டு. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவது. நடுவில் இறங்குவதில்லை. கிரேன்காரன் இறங்கி ஏறினால் அத்தனை நேரமும் கீழே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேஸ்திரி வானத்தைப் பார்த்துத் திட்டுவார். சிறுநீருக்கென்று மேலேயே பாட்டில் வைத்துக்கொள்கிற ஆட்களும் உண்டு. அப்பா அவர்களைப் பற்றிப் பேசும்போதே முகத்தைச் சுளிப்பார். எங்களுக்கும் அது ஒத்துவராது. ஏறுவதற்கு முன் போய்விட்டு வருவோம். தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்குக் குடிப்போம். அந்த வீட்டு ஆள் வேண்டும், நடுவில் இறங்கமாட்டான் என்று மேஸ்திரிகள் எங்களைக் கேட்டு வாங்கிப் போட்டதுண்டு. நான் இதைத் தம்பியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

போன வருடம் உடல் தகுதிப் பரிசோதனையில் தம்பிக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. அப்போதிருந்த டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரச் சொன்னார். விஷயம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று நான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு எப்படியோ போய்விட்டது. மாப்பிள்ளை என்றால் மேலே சொன்ன என் தங்கை கணவர்தான்.

இந்த வருடம் கம்பெனியில் ஒரு புதுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பிரஷர் கட்டுக்குள் இல்லாத ஒருவரும் மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படி இறக்கப்பட்டவர்களுக்கு ஸ்டோர் ரூமில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. கேட்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலையாட்கள் அந்த அறைக்கு மூலை என்று பெயர் வைத்திருந்தார்கள். மூலைக்குப் போன கிரேன்காரன் எவனும் திரும்ப ஏறியதில்லை.

பரிசோதனை தேதி தெரிந்ததிலிருந்து தம்பி தம்பியாக இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் காதில் விழும். அவன் மனைவி வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அது இருக்கிற அலமாரிப் பக்கமே அவன் போகமாட்டான். ஒரு நாள் அவள் வற்புறுத்திக் கையில் பட்டையைச் சுற்றியிருக்கிறாள். மெஷின் உறுமிக்கொண்டு கையை இறுக்கத் தொடங்கியதும், பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துபோய்விட்டானாம். எப்பேர்ப்பட்ட காற்றிலும் கை நடுங்காமல் பாரத்தை இறக்குகிறவன் அவன். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை.

குடும்ப மானம் சம்பந்தப்பட்ட காரியம் என்பதால் அன்று நானும் உடன் போனேன். மாப்பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் அவர் ஐந்தாவதாக வந்து நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வராந்தாவில் எங்களுக்கு முன்னால் சிலர் காத்திருந்தார்கள். வெல்டர் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர். உள்ளே போன ஒவ்வொருவரும் வெளியே வரும்போது தம்பி அவர்கள் முகத்தைப் பார்த்தான். கையை முட்டிமேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். அவன் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் திருகியபடி இருந்தாள். மாப்பிள்ளைதான் பேசிக்கொண்டிருந்தார். பிரஷரால் விழுந்தவர்கள், வாய் கோணியவர்கள், வேலை போனவர்கள் என்று வரிசையாக எடுத்துவிட்டார். நான் ஒருமுறை தொண்டையைச் செருமினேன். பேச்சைத் தம்பி பக்கம் திருப்பினார்.

"என்ன மச்சான், இதுக்குப் போய் இப்படி வேர்க்குது? ஊசியா, கத்தியா? கையை இறுக்கிப் பிடிச்சுட்டு விட்டுருவாங்க. உன் அக்கா என் கையைப் பிடிச்சது கல்யாணத்தன்னிக்கு. இன்னும் விடல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மற்ற நாளாக இருந்தால் தம்பி இதற்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்திருப்பான். அன்று காதிலேயே வாங்கவில்லை.

கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். மாப்பிள்ளையும் எழுந்தார். இத்தனை பேருக்கு இடமில்லை என்று நர்ஸ் அவரைப் பெஞ்சிலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். கறாரான பெண். தம்பியை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவைத்து, காலைத் தரையில் பதிக்கச் சொல்லி, கையை மேசைமேல் நீட்டவைத்தாள். யாரும் பேசக் கூடாது என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டாள். சுவரில் மின்விசிறி ஒன்று திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள்.

நான் தம்பியின் கையைப் பார்த்தேன். மேசைமேல் இருந்த கையின் விரல்கள் மெல்ல மடங்கி, எதையோ பிடித்த மாதிரி நின்றன. மடியிலிருந்த இன்னொரு கையும் அப்படியே. மூச்சு நின்றுவிட்டது. பாரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் நாங்கள் மூச்சை நிறுத்துவோம், தொட்டபிறகுதான் விடுவோம். அவன் இப்போது கேபினில் உட்கார்ந்திருந்தான். கொக்கியில் என்ன தொங்கியது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"மூச்சு விடுங்க," என்றாள் நர்ஸ்.

அவன் விட்டதாகத் தெரியவில்லை. மெஷின் அடங்கியது. எண்ணைப் பார்த்த அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு என்று தம்பி மனைவி கேட்டதற்கு டாக்டர் சொல்வார் என்றாள். பிறகு தம்பியிடம், பாத்ரூம் போய்விட்டு வந்தாரா என்று கேட்டாள். இல்லை, தேவையில்லை என்றான். காலையிலிருந்தே போகவில்லையா என்றாள். பழக்கம் என்றான்.

"இங்க என்ன பரிசா கொடுக்கிறாங்க? அடக்கிட்டு உட்கார்ந்தா ஏத்தித்தான் காட்டும். போயிட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்."

தம்பி என்னைப் பார்த்தான். ஏன் என்னைப் பார்க்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் எழுந்து போனான். தப்பித்து ஓடுகிறாயா மச்சான் என்று வராந்தாவில் மாப்பிள்ளை கேட்பது உள்ளே கேட்டது.

திரும்பி வந்தபின் பார்த்த எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. போதுமான அளவுக்கு இறங்கவில்லை.

டாக்டரம்மா அதுவரை உள்மேசையில் முந்தைய ஆளின் தாள்களை முடித்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார்.

"தினமும் போடுறேன் டாக்டர்."

"ஒரு நாள்கூட விடாம?"

"விடல."

அவர் கேட்ட விதத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் குறுக்கிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றைச் சொல்கிற வழக்கமில்லை, அவன் போடுகிறேன் என்றால் போடுகிறான், அதற்கு நான் பொறுப்பு என்றேன். டாக்டரம்மா தலையாட்டினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது பிரஷர் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன்.

"பார்த்திருக்கீங்களா?"

"பார்க்க வேண்டிய தேவை வரல."

டாக்டரம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தம்பியின் தாளை எடுத்துத் தன் முன் வைத்தார். தினமும் மருந்து எடுத்தும் இவ்வளவு காட்டுகிறதென்றால் இது மருந்துக்கு அடங்காத பிரஷர், அப்படிப்பட்டவரை உயரத்தில் உட்காரவைக்கத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

தம்பி அசையவில்லை. அவன் மனைவி கைப்பையின் வாரை அறுந்துவிடும்போல முறுக்கினாள். வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

எழுதுவதற்கு முன் டாக்டரம்மா இன்னொன்று கேட்டார். இந்த மாத்திரை உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிற வகை. போட்டால் காலையில் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். அப்படிப் போகிறதா என்றார்.

"அப்படி ஒண்ணும் தெரியல," என்றான் தம்பி.

அந்த மாத்திரை என்ன வகை என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் சொன்னதும் தெரிந்தது. அந்த நாற்காலியில் நான் ஆயுளில் பாதியைக் கழித்திருக்கிறேன். அப்படி ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறுகிறவன் மதியம் வரை அங்கே இருக்க முடியாது. தம்பியோ ஒரு நாளும் நடுவில் இறங்கியதில்லை. இறங்கியிருந்தால் அன்றே எனக்குச் சேதி வந்திருக்கும்.

அப்படியானால் அவன் மாத்திரை போடுவதில்லை. அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லி இன்னும் என் வாய் ஈரம் காயவில்லை. பேசாமல் இருந்தால் வீட்டின் சொல் நிற்கும். தம்பி மூலைக்குப் போவான். பேசினால் வெளியார் இருவர் முன்னால், கதவிடுக்கில் ஒரு காது இருக்கும்போது, எங்கள் வீட்டில் பொய் சொல்வார்கள் என்று நானே சொல்கிற மாதிரி ஆகும். பேனா தாளைத் தொட்டது.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன்.

நிறுத்தினார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"ஏறுற நாள்ல அந்த மாத்திரையைப் போடுறியாடா?"

மின்விசிறி அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. அவன் மனைவிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"லீவு நாள்ல மட்டும் போடுறார் மாமா. மத்த நாள்ல வாயில போடுற மாதிரி போட்டு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போயிடுறார். துவைக்கிறப்போதான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னுட்டார்."

"ஏன்டா?" என்றேன்.

"போட்டா தாங்க முடியல அண்ணே. முதல்ல ஒரு நாள் போட்டுட்டுத்தான் ஏறினேன். தொட்டி நிறையக் கலவை தொங்குது, கீழ ஆளுங்க நிக்கிறாங்க. எனக்குக் கண்ணு மங்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னியோட விட்டுட்டேன்."

"இறங்கிப் போயிட்டு வந்திருக்கலாமே," என்றார் டாக்டரம்மா.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நம்ம வீட்டுல யாரும் நடுவுல இறங்கினது இல்லையே அண்ணே."

குத்திக்காட்டுகிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அறையில் இருந்த எல்லோரும் நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். நர்ஸ்கூட மெஷினின் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்லக்கூடியது எதுவும் அங்கே உதவுகிறதாக இல்லை.

"இறங்கலாம்," என்றேன்.

அவன் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தான்.

"இறங்கலாம்டா. யாராவது கேட்டா அண்ணன் சொன்னார்னு சொல்லு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மருந்தே எடுக்காத ஆளை மருந்துக்கு அடங்காதவர் என்று எழுத முடியாது என்றார். அதற்காக இன்றைக்கே ஏறலாம் என்றும் எழுதமாட்டேன் என்றார். இப்படிப் போட்டும் போடாமலும் இருப்பதில் உள்ள ஆபத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்ததால் அளவோடு திட்டினார் என்று நினைக்கிறேன். நீரை வெளியேற்றாத வேறு வகை மாத்திரை எழுதினார். மேலே போகும் நாளிலும் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், வீட்டு மெஷினில் தினமும் பார்க்க வேண்டும், மறு பரிசோதனை வரை தரையில்தான் வேலை என்றார். அதுவரை மூலைக்கு அனுப்பச் சொல்லி எழுதவில்லை. மேலே ஏறாத வேறு வேலை என்றுதான் எழுதினார். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

தம்பி சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தான். நர்ஸ் நெஞ்சிலும் கையிலும் காலிலும் கம்பிகளை மாட்டினாள். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். கதவிடுக்கிலிருந்து பார்த்தால் நீட்டிப் படுத்திருக்கும் அவன் கால்களும், பக்கத்தில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிற அவன் மனைவியும் மட்டும் தெரிந்திருக்கும். இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை. படுத்தவாக்கில் பிரஷரையும் இன்னொருமுறை பார்த்தாள். பட்டை இறுகும்போது அவன் விரல்கள் திறந்தே கிடந்தன.

கிளம்புகிற நேரத்தில் டாக்டரம்மா நாற்காலியைக் காட்டி, அண்ணனும் உட்காரலாம் என்றார். எனக்கு எதற்கு என்றேன். கூடப் பிறந்தவர்தானே என்றார். உட்கார்ந்தேன். என் எண் என்ன என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. மாத்திரை கொடுத்தார். போடுகிறேன்.

மறு பரிசோதனை வரை தம்பி கீழே வாக்கிடாக்கியோடு நின்று, மேலே இருந்த வேறொருவனுக்கு வழிகாட்டினான். வீட்டில் அவன் அதிகம் பேசவில்லை. மூலை அவன் கண்ணிலிருந்து போகவில்லை. மாலையில் சாப்பாட்டு மேசையில் மெஷினை வைத்துக்கொண்டு உட்காருவான். அது உறுமி அடங்கும் வரை யாரும் பேசக் கூடாது, டிவி ஓடக் கூடாது, கதவை அறையக் கூடாது என்று நான் வீட்டில் ஒரு கட்டு போட்டேன். முதல் சில நாள் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு எண்ணை அவனே பார்த்தான். ஒரு நாள் பட்டையைக் கட்டிக்கொண்டே அதிகப்பிரசங்கியாக மனைவியைக் கிண்டல் செய்தான். பேசக் கூடாது என்று அவனுக்கே சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை போனபோது நான் உள்ளே போகவில்லை. வராந்தாவில் நின்றேன். மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. கதவிடுக்கு இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மெஷின் உறுமுவதும் அடங்குவதும் கேட்டது. இரண்டாம் முறையும் உறுமியது. அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தம்பி வெளியே வந்து தாளை என் கையில் கொடுத்தான். ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

யாராவது ஏற முடியாத நாளுக்கென்று பாதுகாப்பு அதிகாரி இப்போது ஒரு மாற்று ஆளையும் வைத்திருக்கிறார். போன வாரம், தம்பி ஏறியிருந்த ஒரு நாளில், அவன் வேலை செய்கிற தெரு வழியாக நடந்து போனேன். வெயில் ஏறாத நேரம். கிரேனின் கை சுழல்வது நின்றது. கூண்டுக்குள் ஓர் ஆள் ஏணி ஏணியாக இறங்கினான். மேஸ்திரி வானத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவன் போய்விட்டு வந்து, குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஏறினான். அவன் கேபினுக்குள் போகும் வரை நின்று பார்த்துவிட்டு நான் நடந்தேன்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பட்டையைக் கட்டியதும் கழுகு பயத்தில் மயங்கி விழுந்தான், அண்ணனும் நர்ஸுமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள், மனைவி அழுதாள், அண்ணன் டாக்டரின் காலைப் பிடித்துத்தான் வேலையைக் காப்பாற்றினார் என்று உறவில் பேசப்படுகிறது. அவன் மயங்கவில்லை. டாக்டரம்மா படுக்கச் சொன்னார், படுத்தான். எழுந்திருக்கச் சொன்னார், எழுந்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் இருந்தவரைத் தாண்டி, தன் காலால் நடந்து போனான். யார் காலையும் யாரும் பிடிக்கவில்லை.